நிலைமின்சாரம் போர்டைக் கொல்லாமல் காப்பது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கைபேசி, மடிக்கணினி பழுதுபார்க்கும் கடைக்காரர்கள், வீட்டிலேயே கணினி கோர்ப்பவர்கள், ஆர்டுயினோ, இஎஸ்பி32 போர்டுகளை வைத்து ப்ராஜெக்ட் செய்யும் மாணவர்கள் ஆகியோருக்காக எழுதப்பட்டது இது. தொழிற்சாலைத் தர எண்கள் தேவைப்பட்ட இடத்தில் உண்டு. ஆனால் ஒரு சாதாரண மேசையில், சாதாரண சுவிட்ச் போர்டை வைத்துக்கொண்டு என்ன செய்ய முடியும் என்பதற்கே முதலிடம்.

எனக்கு ஷாக்கே அடிக்கவில்லை. பிறகு எப்படி ஐசி (சிப்) போயிருக்கும்?

நிலைமின்சாரப் பொறி நம் விரலுக்கு உறைக்க வேண்டுமானால் உடலில் ஏறக்குறைய 3,000 வோல்ட் ஏறியிருக்க வேண்டும். அதற்குக் கீழே பாய்ந்தால் நமக்குத் தெரியவே தெரியாது. பெரும்பாலான மைக்ரோகன்ட்ரோலர்களின் தரவுத்தாளில் ‘2,000 வோல்ட் வரை தாங்கும்’ என்று போட்டிருக்கும். சில ரேடியோ அலைவரிசைப் பாகங்களும் லேசர் டையோடுகளும் 250 வோல்ட்டைக்கூடத் தாங்காதவை. அதாவது, நீங்கள் உணராத பாய்ச்சலே அவற்றைக் கொல்லப் போதுமானது.

சோதனைக் கூடங்களில் மனித உடலை 100 பிக்கோஃபாரட் கெப்பாசிட்டராகவும், அதோடு தொடராக இணைத்த 1,500 ஓம் ரெசிஸ்டராகவும் கணக்கிடுகிறார்கள். 3,000 வோல்ட்டில் அதில் தேங்கும் ஆற்றல் அரை மில்லிஜூல்கூட இல்லை. ஆனால் அது வெளியேறும்போது உச்சத்தில் 2 ஆம்பியர் ஓடுகிறது, அதுவும் 150 நானோநொடி அளவிலான நேரத்துக்குள். ஐசிக்குள் இருக்கும் மெல்லிய இணைப்புகள் உருகவும், மாஸ்ஃபெட் என்ற டிரான்சிஸ்டர் வகையின் கேட் ஆக்சைடு (அதன் கேட்டுக்குக் கீழே இருக்கும் மெல்லிய சிலிக்கான் டையாக்சைடு காப்புப் படலம்) துளைபடவும் அந்த நேரம் போதும். சிலிக்கான் டையாக்சைடு ஒரு நானோமீட்டர் தடிமனுக்குச் சுமார் 1 வோல்ட் வரைதான் தாங்கும். 10 நானோமீட்டர் ஆக்சைடு என்றால் 10 வோல்ட்டுக்குச் சற்று மேலேயே உடையத் தொடங்கும். ஐசியின் கால்களில் பாதுகாப்பு டையோடுகள் இருப்பதால்தான் 2,000 வோல்ட் என்ற எண்ணே சாத்தியமாகிறது.

எந்தப் பாகங்களுக்கு அதிகக் கவனம் தேவை?

தனி மாஸ்ஃபெட்டுகள், கேமரா சென்சார்கள், டிஸ்ப்ளேயின் ஃபிளெக்ஸில் (வளையும் இணைப்புப் பட்டையில்) ஒட்டிய டிரைவர் ஐசி, வெள்ளை, நீல எல்இடிகள், ரேடியோ ஆம்ப்ளிஃபையர்கள், லேசர் டையோடுகள். சாதாரண டிரான்சிஸ்டர், 7805 போன்ற ரெகுலேட்டர், ரிலே, சாதாரண ரெசிஸ்டர் ஆகியவற்றை இந்த அளவுக்குப் பொத்திவைக்க வேண்டியதில்லை.

மாஸ்ஃபெட்டில் ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்பது நல்லது. 3,000 வோல்ட் ஏறிய உடலில் 0.3 மைக்ரோகூலும் மின்னூட்டம் இருக்கிறது. ஐஆர்எஃப்இசட்44என் மாஸ்ஃபெட்டின் உள்ளீட்டுக் கெப்பாசிட்டன்ஸ் சுமார் 1,500 பிக்கோஃபாரட். அதன் சோர்ஸ் கால் எர்த்தில் இருக்கும்போது கேட்டைத் தொட்டால், மின்னூட்டம் உடலுக்கும் கேட்டுக்கும் பங்காகிக் கேட்டில் ஏறக்குறைய 190 வோல்ட் நிற்கும். அனுமதிக்கப்பட்ட வரம்போ 20 வோல்ட். சின்ன 2என்7000 இன்னும் மோசம். அதன் கெப்பாசிட்டன்ஸ் 50 பிக்கோஃபாரட்டைத் தாண்டாது என்பதால் அதே தொடுகையில் கேட்டுக்கு 2,000 வோல்ட் போகப் பார்க்கும். பெரிய மாஸ்ஃபெட்டைவிடச் சின்ன மாஸ்ஃபெட் ஏன் சட்டென்று போகிறது என்பதற்கு விடை இந்தக் கணக்கில்தான் இருக்கிறது.

எங்கள் ஊர் கடலோரம். காற்றில் எப்போதும் ஈரம். இதெல்லாம் தேவையா?

ஈரம் உதவுகிறது என்பது உண்மை. பரப்புகளில் படியும் மெல்லிய நீர்ப்படலம் வழியே மின்னூட்டம் கசிந்து போய்விடும். அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் பழைய கையேடு ஒன்றிலிருந்து இன்றுவரை எடுத்தாளப்படும் அளவுகள் இவை: வினைல் தரையில் நடந்தால், ஈரப்பதம் 10 முதல் 20 சதவீதம் இருக்கும் காற்றில் 12,000 வோல்ட் வரை ஏறும். 65 முதல் 90 சதவீதக் காற்றில் அது 250 வோல்ட். மேசையிலிருந்து பாலிதீன் கவரை எடுத்தால் உலர்ந்த காற்றில் 20,000, ஈரக்காற்றில் 1,200. பாலியூரித்தேன் நுரை வைத்த நாற்காலியில் உட்கார்ந்து அசைந்தால் 18,000, ஈரக்காற்றில் 1,500.

ஈரக்காற்று எண்களை மறுபடி பாருங்கள். 1,200, 1,500. நமக்கு உறைக்காத, ஆனால் பல பாகங்களைக் கொல்லக்கூடிய அளவுகள். ஏசி ஓடும் அறையில் வெளிக்காற்றின் ஈரமும் உள்ளே இருக்காது. ஏசி முதலில் செய்வதே காற்றிலிருந்து நீரைப் பிழிவதுதான். மதுரை, சேலம், ஓசூர் போன்ற கடலிலிருந்து தள்ளியிருக்கும் பகுதிகளில் மாசி, பங்குனிப் பகல்களில் ஏசி இல்லாமலேயே காற்று நன்றாகக் காய்ந்துவிடும். ஆகவே ஈரப்பதத்தைக் கூடுதல் உதவியாக எடுத்துக்கொள்ளுங்கள், பாதுகாப்பாக அல்ல. அதற்காக அறையைச் செயற்கையாக ஈரமாக்கவும் வேண்டாம். அதிக ஈரத்தில் கால்கள் துருப்பிடிக்கும், சோல்டர் சரியாகப் பிடிக்காது.

அப்படியானால் அடிப்படை விதி என்ன?

சேதம் செய்வது வோல்ட் வேறுபாடு. உங்கள் உடல் 5,000 வோல்ட்டில் இருந்து, போர்டும் அதே 5,000 வோல்ட்டில் இருந்தால் எதுவும் பாயாது. எனவே நீங்கள், போர்டு, மேசைப் பரப்பு, கைக்கருவி, வரப்போகும் உதிரி பாகம் எல்லாவற்றையும் *முதலில்* ஒரே மின்னழுத்தத்துக்குக் கொண்டுவந்துவிட்டு, *பிறகு* கால்களையும் கனெக்டர்களையும் தொட வேண்டும். கீழே வரும் எல்லாமே இதைச் சாதிக்கும் வழிகள்தான். எர்த் என்பது எல்லாரும் வந்து சேர வசதியான ஒரு பொது இடம். அது கிடைக்காத இடத்திலும் ஒன்றோடொன்று சமமாக இருந்தாலே பெரும்பகுதி ஆபத்து போய்விடும்.

ரிஸ்ட் ஸ்ட்ராப்பில் (மணிக்கட்டில் கட்டி, உடலை வயரால் எர்த்தோடு இணைக்கும் பட்டை) 1 மெகா ஓம் ரெசிஸ்டர் ஏன்? அதை எடுத்துவிட்டால் இன்னும் வேகமாக வடியாதா?

எடுக்கவே கூடாது. அது உங்கள் உயிருக்காக வைத்தது. ஸ்ட்ராப் கட்டிய கையோடு தவறுதலாக 230 வோல்ட் ஃபேஸைத் தொட்டுவிட்டால், 1 மெகா ஓம் வழியே ஓடக்கூடியது 0.23 மில்லிஆம்பியர்தான். ரெசிஸ்டர் இல்லாவிட்டால் நீங்கள் நேராக எர்த்தில் கட்டப்பட்டவர் ஆகிவிடுவீர்கள். வேகத்திலும் குறை இல்லை. உடலின் 100 பிக்கோஃபாரட் 1 மெகா ஓம் வழியே வடிய ஒரு மில்லிநொடிகூட ஆகாது.

உலோகத் தகடு தோலில் நேராகப் பட வேண்டும், சட்டைக் கையின் மேல் அல்ல. விரல் நுழையும் அளவுக்குத் தொளதொளவென்று இருந்தால் பயனில்லை. ஸ்ட்ராப் கெட்டுப்போவது பெரும்பாலும் பட்டன் அருகே வயர் வளையும் இடத்தில். வெளியே உறை நன்றாகவே இருக்கும், உள்ளே கம்பி அறுந்திருக்கும். தினமும் வேலை தொடங்கும் முன் மல்டிமீட்டரை மெகா ஓம் அளவில் வைத்து, பட்டனுக்கும் மறுமுனைக் கிளிப்புக்கும் இடையே பாருங்கள். 0.8 முதல் 1.2 மெகா ஓம் வரை காட்டினால் நல்லது. வயரை வளைத்து ஆட்டும்போது எண் குதித்தால் அந்த வயரை மாற்றிவிடுங்கள். ஐஇசி 61340-5-1 என்ற சர்வதேசத் தரம், உடலையும் சேர்த்து 35 மெகா ஓமுக்குள் இருக்க வேண்டும் என்கிறது. தோல் மிகவும் வறண்டவர்கள் அணியும் முன் மணிக்கட்டில் கொஞ்சம் ஈரம் தடவிக்கொள்ளலாம்.

வயரே இல்லாத ‘ஒயர்லெஸ்’ ஸ்ட்ராப் நன்றாக இருக்குமா?

வேலை செய்யாது. மின்னூட்டம் போய்ச் சேர ஒரு பாதை வேண்டும், அதில் பாதையே இல்லை. வாங்காதீர்கள்.

கிளிப்பை எங்கே மாட்டுவது?

கணினிக்குள் வேலை என்றால் கேபினட்டின் பெயின்ட் இல்லாத உலோகப் பகுதியில் மாட்டலாம்; எஸ்எம்பிஎஸ் (கணினியின் பவர் சப்ளை பெட்டி) திருகு நல்ல இடம். பவர் கேபிளைக் கழற்றிவிடுங்கள். கேபிள் இருந்தால்தானே எர்த் கிடைக்கும் என்று கேட்பார்கள். உண்மைதான். ஆனால் நம் ஊரில் ஃபேஸும் நியூட்ரலும் மாறிக் கிடக்கும் சுவிட்ச் போர்டுகள் ஏராளம். அங்கே சுவிட்சை அணைத்தாலும் எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் ஃபேஸ் வந்துகொண்டேதான் இருக்கும். கேபிளைக் கழற்றி, கேபினட்டோடு நீங்கள் சமமாக இருப்பதே இந்த வேலைக்குப் போதும்.

நிரந்தர ரிப்பேர் மேசை என்றால், எர்த் பின்னிலிருந்து ஒரு பச்சை வயரை மேசை ஓரத்தில் ஒரு போல்ட்டுக்குக் கொண்டுவந்து, அதைப் பொதுப் புள்ளியாக வைத்துக்கொள்ளுங்கள். மேட் (நிலைமின் பாதுகாப்பு விரிப்பு), ரிஸ்ட் ஸ்ட்ராப், சோல்டரிங் அயர்ன் எர்த் எல்லாம் தனித்தனி வயராக அந்த ஒரே போல்ட்டுக்கு வர வேண்டும். ஸ்ட்ராப்பை மேட்டில் மாட்டி, மேட்டை எர்த்தில் மாட்டும் பழக்கம் வேண்டாம். மேட்டின் பட்டன் கழன்றால் இரண்டும் சேர்ந்து போய்விடும்.

சுவரில் இருக்கும் எர்த் உண்மையில் வேலை செய்கிறதா என்று எப்படித் தெரியும்?

மூன்று ஓட்டை இருப்பதாலேயே எர்த் இருக்கிறது என்று அர்த்தம் இல்லை. பழைய வீடுகளிலும் சில வாடகைக் கடைகளிலும் மேல் ஓட்டைக்கு வயரே போயிருக்காது. மல்டிமீட்டரை ஏசி 600 அல்லது 750 வோல்ட் அளவில் வைத்து, மின்வேலை தெரிந்தவர் முன்னிலையில் மூன்று இடங்களில் பாருங்கள். ஃபேஸ்–நியூட்ரல் 230க்குப் பக்கம் காட்டும். ஃபேஸ்–எர்த்தும் கிட்டத்தட்ட அதே எண் வர வேண்டும். நியூட்ரல்–எர்த் இரண்டு மூன்று வோல்ட்டுக்கு மேல் போகக் கூடாது. ஃபேஸ்–எர்த்தில் 60, 120 என்று நிலையில்லாமல் ஆடினால் எர்த் வயர் எங்கோ அறுந்து தொங்குகிறது.

இந்த அளவு சரியாக வந்தாலும் எர்த் பலவீனமாக இருக்கலாம், ஏனென்றால் மல்டிமீட்டர் கிட்டத்தட்ட மின்னோட்டமே எடுப்பதில்லை. 100 வாட் குண்டு பல்பை ஃபேஸுக்கும் எர்த்துக்கும் இடையே எரியவிட்டுப் பார்ப்பது எலெக்ட்ரீஷியன்கள் செய்யும் சோதனை. முழு வெளிச்சத்தில் எரிந்தால் எர்த் மின்னோட்டத்தைத் தாங்குகிறது. ஆர்சிசிபி (எர்த்துக்கு மின்சாரம் கசிந்தால் இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச்) இருக்கும் வீட்டில் அது உடனே ட்ரிப் ஆகும். எர்த் இருப்பதற்கும் ஆர்சிசிபி வேலை செய்வதற்கும் அதுவே அடையாளம்.

எர்த் இல்லை என்பதற்காகப் பிளக்குக்குள் நியூட்ரலையும் எர்த்தையும் ஒரு துண்டு வயரால் இணைத்துவிடும் வேலையைச் சிலர் செய்கிறார்கள். உயிர் போகும் வேலை அது. நியூட்ரல் எங்காவது அறுந்தால், அல்லது ஃபேஸும் நியூட்ரலும் மாறியிருந்தால், எர்த் செய்யப்பட்ட எல்லா உலோகப் பரப்பிலும் 230 வோல்ட் நிற்கும். தண்ணீர்க் குழாயில் கட்டுவதும் பயன்படாது, இன்றைக்குக் குழாய்கள் பெரும்பாலும் பிளாஸ்டிக்.

கணினி கேபினட்டையும் மடிக்கணினியின் உலோக உடலையும் தொட்டால் விறுவிறுவென்று இருக்கிறது. அது நிலைமின்சாரமா?

இல்லை. அது தொடர்ந்து வரும் கசிவு மின்சாரம். நிலைமின்சாரம் ஒருமுறை ‘டப்’ என்று பாய்ந்து முடிந்துவிடும். எஸ்எம்பிஎஸ்ஸின் உள்ளே இரைச்சலை வடிகட்ட ஃபேஸிலிருந்து ஒரு கெப்பாசிட்டர், நியூட்ரலிலிருந்து இன்னொன்று, இரண்டும் உலோக உடலுக்கு வரும். எர்த் இணைந்திருந்தால் அந்தக் கசிவு அதன் வழியே போய்விடும். எர்த் இல்லாவிட்டால் உடல் நடுவில் தொங்கி, 230இல் பாதியான 115 வோல்ட் அளவில் நிற்கும். டெஸ்டரை வைத்தால் எரியும். இரண்டு பின் சார்ஜரில் ஓடும் மடிக்கணினியிலும் இதே கதைதான்.

ஆளுக்கு இது பொதுவாக எரிச்சலோடு நின்றுவிடும். ஆனால் போர்டுக்கு? எர்த் இல்லாத கணினியையும் எர்த் உள்ள டிவியையும், அல்லது வெளியிலிருந்து வரும் கேபிள் டிவி வயரையும் இணைக்கும் அந்தக் கணத்தில் இந்த வேறுபாடு முழுவதும் கனெக்டர் வழியே சமமாகப் பார்க்கும். எச்டிஎம்ஐ போர்ட் போய்விட்டது, செட்டாப் பாக்ஸ் போய்விட்டது என்று வரும் புகார்களில் இதற்கு முக்கியப் பங்கு உண்டு. ரிஸ்ட் ஸ்ட்ராப் இதற்குத் தீர்வாகாது. எர்த்தைச் சரிசெய்யுங்கள். அதுவரை எல்லாக் கருவிகளின் பிளக்கையும் கழற்றிவிட்டு, முதலில் சிக்னல் கேபிள்களை மாட்டி, பிறகு பவர் கொடுங்கள்.

மேட் வாங்குகிறேன். எதைப் பார்த்து வாங்குவது?

கைபேசிக் கடைகளில் நீலமாகவும் சாம்பல் நிறத்திலும், திருகு வைக்கக் குழிகளோடு கிடக்கும் சிலிகோன் மேட் சூட்டைத் தாங்குவதற்கானது. மேலே ‘ஆன்டி ஸ்டாட்டிக்’ என்று அச்சடித்திருந்தாலும் சிலிகோன் நல்ல மின்காப்பான், அதில் ஏறிய மின்னூட்டம் எங்கும் போகாது. ஹாட் ஏர் வேலைக்கு அதை வைத்துக்கொள்ளுங்கள், நிலைமின் பாதுகாப்புக்கு நம்பாதீர்கள்.

உண்மையான இஎஸ்டி (நிலைமின் பாய்ச்சல்) மேட் பெரும்பாலும் இரண்டு அடுக்கு ரப்பர். மேலே பச்சை அல்லது நீலம், அடியில் கறுப்பு, 2 மில்லிமீட்டர் தடிமன். மேல் அடுக்கு மின்னூட்டத்தை மெதுவாக வடியவிடும், அடியடுக்கு நன்றாகக் கடத்தும். ஓரத்தில் எர்த் வயருக்கான உலோகப் பட்டன் இருக்கும். பட்டன் இல்லாத மேட் வெறும் விரிப்பு. மேல்பரப்பிலிருந்து எர்த் வரை 100 கோடி ஓமுக்குள் இருக்க வேண்டும் என்பது தரம். சாதாரண மல்டிமீட்டர் இவ்வளவு பெரிய எண்ணை அளக்காது, ‘ஓஎல்’ என்றுதான் காட்டும். அதைப் பார்த்து மேட் கெட்டுவிட்டது என்று முடிவு கட்ட வேண்டாம். இதற்கு 100 வோல்ட்டில் அளக்கும் இன்சுலேஷன் டெஸ்டர் வேண்டும்.

மேட்டைச் சோப்புத் தண்ணீரில் துடைத்துக் காயவிட்டால் போதும். பளபளப்புக்காகத் தடவும் சிலிகோன் பாலிஷ், எண்ணெய்ப் பசையுள்ள கிளீனர் எல்லாம் மேலே ஒரு மின்காப்புப் படலத்தை விட்டுச் செல்லும். ஃபிளக்ஸ் கறையும் அப்படித்தான்.

மேட்டின் மேல் எதை வைக்கக் கூடாது?

தெர்மாகோல், பாலிதீன் கவர், பபிள் ராப், செல்லோடேப் ரோல், பிளாஸ்டிக் டீ கப், சாதாரணப் பிளாஸ்டிக் ஃபைல். இவை மின்காப்பான்கள் என்பதால் எர்த்தில் வைத்தாலும் இவற்றின் மின்னூட்டம் இறங்காது. மேட்டும் ஸ்ட்ராப்பும் இருக்கும் மேசைகளில் இன்னும் சேதம் நடந்தால் முதலில் தேட வேண்டிய இடம் இதுதான். செல்லோடேப்பை இழுத்து உரிக்கும்போது பல ஆயிரம் வோல்ட் உருவாகும். தொழிற்சாலைகளில் இவற்றைப் போர்டிலிருந்து குறைந்தது 30 சென்டிமீட்டர் தள்ளி வைக்கச் சொல்கிறார்கள். தவிர்க்கவே முடியாத இடத்தில் அயனைசர் என்ற காற்று ஊதும் கருவியை வைத்து மின்னூட்டத்தைச் சமப்படுத்துவார்கள். சிறிய கடைக்கு அது தேவையில்லை, மேசையைக் காலியாக வைத்தாலே போதும்.

சோல்டரிங் அயர்னாலும் சேதம் வருமா?

வரும். மலிவான 25 வாட் இரண்டு பின் அயர்னில் சூடேற்றும் கம்பிக்கும் முனைக்கும் நடுவே மெல்லிய மைக்கா தாள்தான் இருக்கிறது. அதன் வழியே முனையில் கசிவு வோல்ட் நிற்கும். போர்டு தனியாகக் கிடக்கும்வரை பெரிதாகத் தெரியாது. யூஎஸ்பி கேபிளால் கணினியில் இணைந்த போர்டில் முனையை வைத்தால், ஐசி வழியாக எர்த்துக்குப் பாதை கிடைத்துவிடும். ஆகவே முதல் விதி: சோல்டர் செய்யும்முன் எல்லாக் கேபிளையும் கழற்றுங்கள், பேட்டரியையும்.

மூன்று பின் பிளக் உள்ள சோல்டரிங் ஸ்டேஷன் வாங்குங்கள். மல்டிமீட்டரால் பிளக்கின் எர்த் பின்னுக்கும் சூடில்லாத முனைக்கும் இடையே அளந்தால் புதியதில் 2 ஓமுக்குள் இருக்க வேண்டும். பழகப் பழக 10 ஓம் வரை ஏறலாம், அதற்கு மேல் போனால் முனையைக் கழற்றி, உள்ளே படிந்த கறுப்பைத் துடைத்துப் போடுங்கள். இரண்டு பின் அயர்ன்தான் இருக்கிறது என்றால் அதன் உலோகக் குழாயில், கைப்பிடி ஓரத்தில், ஒரு வயரைக் கட்டி நேராக எர்த்துக்குக் கொண்டுபோகலாம். இந்த வயரில் 1 மெகா ஓம் போடக் கூடாது.

பலரும் கவனிக்காத இன்னொன்று, உருகிய சோல்டரை உறிஞ்சும் டீசோல்டரிங் பம்ப். பிளாஸ்டிக் உடலுக்குள் பிஸ்டன் சட்டென்று உருவி ஓடும்போது முனையில் பல ஆயிரம் வோல்ட் தோன்றலாம், அந்த முனைதான் ஐசி காலைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. இஎஸ்டி வகை பம்ப், அல்லது சோல்டரை உறிஞ்சும் செம்புப் பின்னல் (விக்) நல்லது.

பிங்க் கவர், வெள்ளிக் கவர், கறுப்புக் கவர்: எதற்கு எது?

பிங்க் கவர் தானாக மின்னூட்டம் உண்டாக்காது, அவ்வளவுதான். வெளியிலிருந்து பாயும் பொறியைத் தடுக்காது. அதில் பூசிய வேதிப்பொருள் காற்றின் ஈரத்தை நம்பி வேலை செய்வது, நாளாக ஆகக் குறையும். திருகு, கேபிள், ஆவணம் வைக்க உகந்தது.

வெள்ளிக் கவரில் நடுவே உலோகப் படலம் இருக்கிறது. பொறி வெளியிலேயே பரவிப் போய்விடும். ரேம், எஸ்எஸ்டி, போர்டு, ஐசி எல்லாம் இதற்குள்தான் போக வேண்டும், வாயை மடித்து ஒட்ட வேண்டும். ஓட்டை விழுந்த, கசங்கிப் படலம் உதிர்ந்த கவர் உதவாது. போர்டை வெளியே எடுத்து *கவரின் மேல்* வைப்பதில் எந்தப் பாதுகாப்பும் இல்லை; அதன் மேல் வைத்துப் பவர் கொடுக்கவும் கூடாது. அதைவிட மதர்போர்டு வந்த அட்டைப் பெட்டி நல்லது.

கறுப்புக் கவர் நேராகக் கடத்தும். பேட்டரி பொருத்திய போர்டை அதில் போட்டால் பேட்டரி இறங்கிவிடும்.

கூரியரில் அனுப்பும்போது வெள்ளிக் கவர் முதலில், பபிள் ராப் அதற்கு வெளியே. வரிசை மாறக் கூடாது. சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் போன்ற சந்தைகளில் உதிரி ஐசி வாங்கப் போகும்போது பழைய ரேம் வந்த வெள்ளிக் கவர்கள் சிலவற்றைக் கையோடு எடுத்துப் போங்கள். எதுவும் இல்லாத அவசரத்தில், பேட்டரி இல்லாத பாகத்தைச் சமையலறை அலுமினியத் தாளில் சுற்றலாம். எல்லாக் கால்களும் ஒரே மின்னழுத்தத்தில் இருக்கும்.

ரேம் அல்லது எஸ்எஸ்டி மாற்றும்போது சரியான வரிசை?

1. கணினியை ஷட் டவுன் செய்து, பவர் கேபிளையும் மற்ற எல்லாக் கேபிளையும் கழற்றுங்கள். மடிக்கணினி என்றால் சார்ஜரைக் கழற்றி, மூடியைத் திறந்ததும் முதல் வேலையாகப் பேட்டரி கனெக்டரை எடுங்கள்.
2. பவர் பட்டனைப் பத்து நொடி அழுத்திப் பிடியுங்கள், கெப்பாசிட்டர்களில் மிச்சம் இருப்பது வடியும்.
3. ஸ்ட்ராப்பைக் கட்டி, கேபினட்டின் வெற்று உலோகத்தில் கிளிப் போடுங்கள். ஸ்ட்ராப் இல்லையென்றால் இடது கையின் மணிக்கட்டு கேபினட்டில் பட்டபடியே வேலை செய்யுங்கள். ஒருமுறை தொட்டுவிட்டு நகர்ந்தால் போதாது, நாற்காலியில் அசைந்தாலே மறுபடி ஏறும்.
4. புதிய ரேமை *கவரோடு* சேர்த்து முதலில் கேபினட்டில் தொடவைத்துவிட்டுப் பிறகு உருவுங்கள்.
5. ஓரங்களை மட்டும் பிடியுங்கள். தங்கப் பட்டைகளில் விரல் படக் கூடாது.
6. இன்னொருவர் கையில் கொடுக்க வேண்டுமானால் முதலில் அவர் கையை உங்கள் கையால் தொட்டுவிட்டுக் கொடுங்கள்.

கைபேசி டிஸ்ப்ளே மாற்றியதும் கோடு விழுகிறது, டச் வேலை செய்யவில்லை. காரணம் நிலைமின்சாரமா?

இருக்கலாம். ஃபிளெக்ஸ் சரியாக உட்காராததையும் கிழிந்ததையும் முதலில் பாருங்கள். நிலைமின்சாரம் நுழையும் முக்கிய வழி, புதிய டிஸ்ப்ளேயின் முன்னும் பின்னும் ஒட்டிய பிளாஸ்டிக் தாள். அதைச் சரக்கென்று இழுத்தால் கண்ணாடியின் பரப்பு முழுக்க மின்னூட்டம் ஏறும், அது வெளியேறும் வழி ஃபிளெக்ஸில் இருக்கும் டிரைவர் ஐசி. ஸ்ட்ராப் கட்டிக்கொண்டு, ஒரு முனையிலிருந்து மெதுவாக உரியுங்கள். முன்பக்கத் தாளை வேலை எல்லாம் முடிந்தபின் கடைசியாக எடுங்கள். பேட்டரி கனெக்டர் முதலில் கழற்றுவது, கடைசியில் மாட்டுவது. பேட்டரி இருக்கும்போதே டிஸ்ப்ளே ஃபிளெக்ஸை மாட்டினால் கால்கள் கோணலாகத் தொட்டு பேக்லைட் சர்க்யூட் போகும். அது நிலைமின்சாரம் இல்லை என்றாலும் அதன் தலையில்தான் பழி விழுகிறது.

புளோவர், வாக்யூம் கிளீனரால் தூசி எடுக்கலாமா?

வாக்யூம் வேண்டாம். தூசி பிளாஸ்டிக் குழாயில் உரசிப் போகும்போது குழாய் முனையில் மின்னூட்டம் ஏறும், அந்த முனை போர்டுக்கு ஒரு விரல் அருகில் இருக்கும். புளோவரைச் சற்றுத் தள்ளிவைத்து ஊதலாம், மின்விசிறிகளை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். சுற்றவிட்டால் மோட்டார் ஜெனரேட்டராகி வோல்ட்டைத் திருப்பி அனுப்பும், பேரிங்கும் தேயும். நைலான் பிரஷ் தவிர்த்து இஎஸ்டி பிரஷ் அல்லது இயற்கை முடி வைத்த பெயின்ட் பிரஷ்.

உடை, செருப்பு?

பருத்தி நல்லது, பாலியஸ்டர், நைலான், கம்பளி வேண்டாம். ரிஸ்ட் ஸ்ட்ராப் உடலைத்தான் எர்த் செய்கிறது, சட்டையை அல்ல. பாலியஸ்டர் சட்டைக் கை தொங்கிப் போர்டில் உரசினால் ஸ்ட்ராப்பால் தடுக்க முடியாது, மடித்துவிடுங்கள். ரப்பர் செருப்பு உடலைத் தரையிலிருந்து துண்டிக்கிறது. வெறுங்காலும் வழுவழு டைல்ஸில் பெரிதாக உதவாது, அவை மின்காப்பான்கள். மின்சார வேலையில் வெறுங்கால் ஆபத்து என்பதால் அந்த யோசனையே வேண்டாம்.

ஸ்ட்ராப் கட்டவே கூடாத வேலை உண்டா?

உண்டு. பவர் கொடுத்தபடி திறந்து பார்க்கும் எஸ்எம்பிஎஸ், இன்வெர்ட்டர், யூபிஎஸ், மைக்ரோவேவ், பழைய படக்குழாய் டிவி. எஸ்எம்பிஎஸ்ஸின் பெரிய கெப்பாசிட்டரில் 325 வோல்ட் டிசி நிற்கும், படக்குழாயில் 20,000 வோல்ட்டுக்கு மேல். அங்கே எர்த்தோடு கட்டப்பட்டிருப்பது உங்களுக்கே ஆபத்து. பவரை எடுத்து, கெப்பாசிட்டரை வடித்து, மீட்டரால் உறுதிசெய்தபின் கட்டுங்கள்.

சேதமான போர்டு உடனே நின்றுவிடுமா?

எப்போதும் இல்லை, அதுதான் இதில் கொடுமை. ஆக்சைடு அரைகுறையாகத் துளைபட்டு, கசிவு மட்டும் கூடி, கருவி ஓடிக்கொண்டே இருக்கலாம். பேட்டரி சீக்கிரம் இறங்கும், சூட்டில் ஹேங்க் ஆகும், வாரங்கள் கழித்து நிற்கும். வாடிக்கையாளர் திரும்பி வரும்போது காரணத்தை யாராலும் நிரூபிக்க முடியாது. உருகி, கருகி, ஐசி மேல் கொப்புளம் வந்திருந்தால் அது பெரும்பாலும் மின்வாரிய வோல்ட் ஏற்றம், இடி, ஷார்ட் சர்க்யூட் போன்றவற்றின் வேலை. நிலைமின் சேதம் வெளியே தழும்பு காட்டுவது அரிது. ஒரே ஒரு கால் மட்டும், போர்டின் கிரவுண்டோடு மல்டிமீட்டரின் டையோடு அளவில் பார்க்கும்போது மற்றக் கால்களைவிட மிகக் குறைவாகக் காட்டினால், அதுவும் அந்தக் கால் வெளிக் கனெக்டருக்குப் போவதாக இருந்தால், சந்தேகத்துக்கு இடமுண்டு.

நானே சர்க்யூட் வடிவமைக்கிறேன். ஐசி 2,000 வோல்ட் தாங்கும் என்கிறது. யூஎஸ்பி போர்ட்டுக்கு அது போதுமா?

போதாது. அந்த 2,000 வோல்ட், தொழிற்சாலைக்குள் பாதுகாப்போடு கையாள்வதற்கான எண். அந்தச் சோதனையில் 1.3 ஆம்பியர்தான் ஓடும். பயனர் கையில் இருக்கும் கருவிக்கான ஐஇசி 61000-4-2 சோதனையில் 150 பிக்கோஃபாரட், 330 ஓம். அதே 2,000 வோல்ட்டுக்கு 7.5 ஆம்பியர், 8,000 வோல்ட் தொடுகைக்கு 30 ஆம்பியர், அதுவும் ஒரு நானோநொடிக்குள் உச்சத்துக்கு ஏறும்.

வெளியே தெரியும் ஒவ்வொரு கனெக்டரிலும் டிவிஎஸ் டையோடு (திடீர் வோல்ட் ஏற்றத்தைக் கிரவுண்டுக்குத் திருப்பிவிடுவது) வையுங்கள். வைக்கும் இடம் கனெக்டர் ஓரம், ஐசி ஓரம் அல்ல. கனெக்டரிலிருந்து வரும் டிராக் முதலில் டையோடின் காலைத் தொட்டுவிட்டுத்தான் ஐசிக்குப் போக வேண்டும். டையோடிலிருந்து கிரவுண்டுக்குப் போகும் டிராக் எவ்வளவு குட்டையோ அவ்வளவு நல்லது. ஒரு மில்லிமீட்டர் டிராக்குக்குச் சுமார் ஒரு நானோஹென்றி இண்டக்டன்ஸ் உண்டு. 30 ஆம்பியர் ஒரு நானோநொடியில் ஏறும்போது அந்த ஒரு மில்லிமீட்டர் மட்டுமே 30 வோல்ட்டைக் கூட்டும். நல்ல டையோடு வாங்கி, 5 மில்லிமீட்டர் டிராக்கில் கிரவுண்டுக்குக் கொண்டுபோனால் 150 வோல்ட் ஐசிக்குப் போகிறது. கிரவுண்ட் காலுக்குப் பக்கத்திலேயே இரண்டு மூன்று வயா (போர்டின் அடுக்குகளை இணைக்கும் துளை) போட்டு அடியிலிருக்கும் கிரவுண்ட் பிளேனில் இறக்குங்கள். யூஎஸ்பி 2.0 டேட்டா வயர்களுக்கு ஓரிரு பிக்கோஃபாரட் டையோடு சரி. யூஎஸ்பி 3, எச்டிஎம்ஐ என்றால் அரை பிக்கோஃபாரட்டுக்குள் இருப்பதைத் தேர்ந்தெடுங்கள், இல்லையென்றால் சிக்னல் கெடும்.

தனி மாஸ்ஃபெட்டின் கேட் வெளி வயருக்குப் போகிறது என்றால், கேட்டுக்கும் சோர்ஸுக்கும் இடையே 12 அல்லது 15 வோல்ட் ஜீனர், 100 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்று, கேட்டுக்கு முன் தொடராக 100 ஓம். இந்த மூன்றும் போர்டில் மாஸ்ஃபெட்டுக்கு முன்பே சோல்டர் செய்யப்பட்டிருக்கட்டும். மாஸ்ஃபெட்டைக் கடைசியாகப் பொருத்துங்கள்.